மாதம்மாள் கப்பலேறிக் கூப்பிட்டது

மலைமேல் ஏழு ஊர் சேர்ந்த திருப்புலி நாட்டில் மாதம்மாள் வீடு எது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. பேசாமல் ஓரிடத்தில் நின்றால் போதும், அவள் குரல் வந்து சேரும். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு தெரியும். வாசலில் மரவள்ளிக் குச்சிக் கட்டின்மேல் நாற்பத்தெட்டு வயசு மனுஷி ஒருத்தி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்லிக்கொண்டிருப்பாள். ரகசியம் என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த மேட்டில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும்.

பிறவிக் குரல் அது. எட்டு வயசில் சாமைக் காட்டுப் பரணில் உட்கார வைத்தார்கள், காட்டுப்பன்றி விரட்ட. தகரம் வேண்டாம், பட்டாசு வேண்டாம். பிள்ளை ஒருமுறை வாயைத் திறந்தால் பன்றி போன திசை தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் சேந்தமங்கலம் பஸ்ஸைத் தவறவிட்டாள். பஸ் இரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்விட்டது. மேலே நின்று "ஏனுங்க டிரைவரு, நில்லுங்க!" என்று ஒரு குரல்தான் கொடுத்தாள். பிரேக்கில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோன டிரைவர் வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இவள் குறுக்குப் பாதையில் இறங்கிப் போய் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் செல்லமுத்து வாயில்லாப் பூச்சி. கல்யாணமான நாளிலிருந்து அவன் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு பஸ் டிக்கெட்டின் முதுகில் இடம் மிச்சமிருக்கும். கேட்டால், "ஒரு ஊட்டுக்கு ஒரு வாய் போதுமுங்க" என்பான்.

அந்த ஊர்களில் குரலுக்கு ஒரு சட்டம் உண்டு. செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது, டவர்தான் மனசு வைக்க வேண்டும். அதனால் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குச் சேதி சொல்ல இன்றைக்கும் கூப்பிடுவதுதான் வழக்கம். கூப்பிட்ட குரல் காதில் விழுந்தால் யாராவது ஒருவர் எதிர்க்குரல் கொடுத்தாக வேண்டும். பகையாளி குரலானாலும் சரி, பங்காளி குரலானாலும் சரி. ஒருவர் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் சோலியைப் பார்க்கலாம். மூன்று முறை கூப்பிட்டும் மலை வாய் திறக்கவில்லை என்றால் விவகாரம் பெரிது. கூப்பிட்டவருக்கோ கூப்பிடப்பட்டவருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று ஆள் கிளம்பிவிடும்.

இப்படிப்பட்ட மலையில் மாதம்மாளுக்கு மூன்றரை வருஷமாக எதிர்க்குரல் கொடுக்காத ஒரு ஜீவன் இருந்தது. அவளுடைய கூடப்பிறந்த தங்கை இருசாயி.

இருசாயி வாழ்க்கைப்பட்டது பள்ளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ஓர் ஓடை, இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம். அவள் மகள் கவிதாவை ஆலத்தூர் நாட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் பேச்சுமூச்சில்லாமல் வர வேண்டும். வழியில் யாராவது கேட்டாலும் கோழி வாங்கப் போகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். சாமியிடம் பூப் போட்டுப் பார்த்து வாக்குக் கிடைத்த பிறகுதான் விஷயம் வெளியே வரலாம். மரவள்ளிக் காட்டில் நின்ற மாதம்மாள் எதிர்ச்சரிவில் வெள்ளை வேட்டிகள் நாலு வரிசையாக ஏறுவதைப் பார்த்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. "இருசாயீ! மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்கடி! அடைகாக்கிற கோழிய உட்டுட்டு மத்ததப் புடிச்சு அடி!" என்று கூப்பிட்டுவிட்டாள். ஏழு ஊரும் எதிர்க்குரல் கொடுத்தன. விசில்கூட வந்தது. வெள்ளை வேட்டிகள் நாலும் அப்படியே திரும்பி இறங்கிப் போயின.

"என் மானத்தக் கப்பலேத்திட்டியே! இனிமே உன் கொரலுக்கு என் வாய் தொறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள் இருசாயி. கவிதா பிறகு ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாகத்தான் இருக்கிறாள். "பெரியம்மா கத்துனதே நல்லதாப் போச்சு" என்று சிரிக்கவும் செய்கிறாள். சம்பந்தப்பட்டவளே மன்னித்த பிறகும் சம்பந்தி ஆகாமல் போனவளுக்கு மனசு இறங்கவில்லை. மாதம்மாள் இரண்டு முறை ஓடை தாண்டிப் போனாள். இருசாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் தினம் காலையில் மேட்டு விளிம்பில் நின்று மாதம்மாள் கூப்பிடுவாள். "இருசாயீ... ஓ..." உடனே பதில் வரும். வருவது கண்ணாயியிடமிருந்து. கண்ணாயி நடுச்சரிவில் குடியிருப்பவள், மாதம்மாளின் சிநேகிதி. "அவ இல்லெ, நாந்தான் இருக்கேன்! என்ன சமாச்சாரம்?" என்பாள்.

"உன்னை எவடி கூப்பிட்டா?"

"சட்டமுன்னு ஒண்ணு இருக்குதில்ல!"

அதோடு முடிந்தது. ஒருத்தி குரல் கொடுத்தாயிற்று. இருசாயிக்குக் கடமை இல்லை. மாதம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போவாள். அவள் சத்தமில்லாமல் செய்கிற ஒரே காரியம் அழுவதுதான்.

இந்த நிலைமையில்தான் மலைக்குக் கப்பல் வந்தது.

டைரக்டர் முருகானந்தம் யுத்தகாலத்து உளவாளிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதை முழுவதும் கப்பலில். ஆனால் டைரக்டருக்குக் கடல் ஆகாது, படகில் கால் வைத்தாலே குமட்டும். கார்த்திகை மாசக் காலைகளில் மலைக்குக் கீழே மேகம் வெள்ளமாய்ப் பரவி நிற்கிற போட்டோ ஒன்று அவர் கையில் கிடைத்தது. இதைவிட நல்ல கடல் வேண்டுமா என்று குதித்தார். எழுபது கொண்டை ஊசி வளைவு இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டாவது வளைவில் காரை விட்டு இறங்கி, "இதுக்குக் கடலே மேல்" என்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாராம்.

பாறை விளிம்பில் இரும்புக் குழாயும் பலகையுமாக இருபது நாளில் கப்பல் எழும்பியது. புகைபோக்கி, கொடிமரம், தொங்குகிற படகு, எல்லாம் அச்சு அசல். மூன்று நாட்டு ஜனமும் திரண்டு வந்து பார்த்தது. மஞ்சள் பூசிக் கும்பிட்டவர்களும் உண்டு. செல்லமுத்து அரை மணி நேரம் சுற்றி வந்து, அந்த வருஷத்துக்கான தன் பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்தான்: "ஏனுங்க, இதை எந்த ஆத்துல எறக்குவீங்க? ஐயாத்துல மொழங்கால் தண்ணிதானுங்க ஓடுது."

அந்தப் பாறை சாமி நிலம். அங்கே செருப்புக் கால் படக்கூடாது என்று ஊர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆகவே படத்தில் வருகிற கேப்டன், துப்பாக்கி ஏந்திய அதிகாரிகள், வெள்ளைக்காரத் துரை அத்தனை பேரும் இடுப்புக்கு மேலே மெடலும் தொப்பியும், கணுக்காலுக்குக் கீழே வெறுங்காலுமாக நின்று யுத்தம் செய்தார்கள். கேமராவைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் தீர்ந்தது. ஊர் ஆண்கள் பாதிப் பேருக்கு மாலுமி வேடம் கிடைத்தது. செல்லமுத்துவுக்குச் செத்த மாலுமி வேடம். வசனம் இல்லை என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான்.

படத்தின் உயிர்நாடியான கட்டம் ஒன்று இருந்தது. கதாநாயகி உளவாளி, சமையல்காரி வேஷத்தில் கப்பலில் ஒளிந்திருக்கிறாள். ரேடியோ உடைந்துவிட்டது. பனிமூட்டத்தில் எங்கேயோ படகில் காத்திருக்கிற தன் ஆட்களுக்கு அவள் மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். பதில் வராது. அந்த அமைதியில்தான் தன் ஆட்கள் பிடிபட்டுவிட்டார்கள் என்று அவளுக்குப் புரியும். டைரக்டர் இதைச் சொல்லும்போதே கண் கலங்குவார். ஆனால் கதாநாயகி வாயைத் திறந்தால் பூனைக்குட்டி கத்துகிறது.

ஒலிப்பதிவு பூங்குழலியுடைய வேலை. ஒருநாள் விடியற்காலை அவள் காதில் ஹெட்போனை மாட்டிக் குருவிச் சத்தம் பிடித்துக்கொண்டிருந்தபோது, "இருசாயீ... ஓ..." என்று ஒன்று வந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். காது அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு அந்தக் குரலைத் தேடிக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் நேராகப் போய் மாதம்மாள் முன்னால் நின்றாள்.

"அக்கா, எங்க கப்பல்ல வந்து இதே மாதிரி மூணு தடவை கூப்பிடணும். கதாநாயகி வாயசைப்பாங்க, நீங்க பீப்பாய்க்குப் பின்னாடி உட்கார்ந்து குரல் கொடுக்கணும். இந்தப் பள்ளத்துல அது எதிரொலிக்கிறது வேற எங்கேயும் கிடைக்காது."

விஷயம் பரவியதும் ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "உளவாளின்னா வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும். அதுக்கு இவதான் கெடைச்சாளா!" என்றாள் கண்ணாயி. மாதம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கணக்கு வேறு. கப்பல் நிற்கிற பாறை இருசாயி வீட்டுக்கு நேர் எதிரே. நடுவில் மரமில்லை, மேடில்லை. அங்கிருந்து கூப்பிட்டால் குரல் தங்கையின் வாசலிலேயே போய் விழும். பேர் சொல்லாமல் வெறுங்குரல்தான் வேண்டும் என்றார்கள். அதனால் என்ன, அக்கா குரல் தங்கைக்குத் தெரியாதா? இதற்கும் பதில் வராவிட்டால் இனி கூப்பிடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். சினிமா அவளுக்கு இரண்டாம் பட்சம்.

அந்தக் கட்டத்தை எடுத்த முதல் நாளை அந்த மலை மறக்காது.

காலை ஆறரை. கீழே மேகம் அலையடித்துக்கொண்டிருந்தது. கதாநாயகி விளிம்பில் நின்றாள், சுற்றிலும் செத்த மாலுமிகள். டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார். பீப்பாய்க்குப் பின்னாலிருந்து மாதம்மாள் அடிவயிற்றிலிருந்து எடுத்து "ஓ..." என்றாள். குரல் பள்ளத்தில் இறங்கி, உருண்டு, எதிர்ச்சரிவில் ஏறியது. பூங்குழலிக்குப் புல்லரித்தது.

"ஓ... மாதம்மாளா? கப்பல்லயா இருக்கே? சோறு போட்டாங்களா?" என்றது கண்ணாயியின் குரல்.

கட். இரண்டாவது முறை, ஓடைப் பக்கத்திலிருந்து ஒருத்தர் தன் மண்வெட்டி அவள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாவது முறை, எங்கேயோ ஆலத்தூர் நாட்டுப் பக்கத்திலிருந்து பேர் தெரியாத குரல் ஒன்று மரியாதையாக "ஓ" என்று பதில் சொல்லிவிட்டுப் போனது. நாலாவது முறை மலை தற்செயலாகக் கொஞ்சம் அடங்கியிருந்தது. டைரக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு விநாடி, இரண்டு விநாடி. கதாநாயகியின் காலடியில் குண்டடிபட்டுச் செத்துக்கிடந்த செல்லமுத்து பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "ஓய், இங்கதான் இருக்கேன்" என்றான்.

பதினோரு முறை எடுத்தார்கள். பதினோரு முறையும் ஏழு ஊரும் சளைக்காமல் பதில் சொன்னது. சொல்லாதது இருசாயி ஒருத்திதான். மாதம்மாள் ஒவ்வொரு பதிலிலும் அந்தக் குரலைத் துழாவித் துழாவிக் களைத்துப்போனாள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "உங்க ஊர்ல ஒருத்தர்கூட ஒருத்தரை அலட்சியம் பண்ண மாட்டீங்களா?" என்றார்.

"ஒருத்தி பண்ணுறாளுங்களே" என்றாள் மாதம்மாள். அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் கடைசி நாள். மேகம் இன்னும் ஒரு காலைதான் தங்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். "பொதுமக்கள் கவனத்திற்கு! நாளைக் காலை ஆறரை மணி முதல் ஏழரை மணி வரை மாதம்மாள் கூப்பிட்டால் யாரும் பதில் குரல் கொடுக்க வேண்டாம். மூன்று முறை கூப்பிட்டாலும் கொடுக்க வேண்டாம். அது சினிமா. மாதம்மாள் நலமாக இருக்கிறார்!" ஓடை தாண்டி இருசாயி வீட்டு வாசல்வரை அந்த ஜீப் போய் வந்தது. ஊர் கூடிப் பேசி, போனால் போகிறது, ஒரு மணி நேரம்தானே என்று ஒத்துக்கொண்டது. கண்ணாயிக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. வாய் நிறைய வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை அடைத்துக்கொண்டு உட்காருவதாக வாக்குக் கொடுத்தாள்.

விடிந்தது. மேகம் முந்தின நாளைவிடக் கெட்டியாக ஏறி வந்து கப்பலின் அடிவயிற்றைத் தொட்டது. மாலுமிகள் சாகப் படுத்தார்கள். செல்லமுத்து முன்னெச்சரிக்கையாகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். மாதம்மாள் பீப்பாய்க்குப் பின்னால் குந்தினாள்.

முதல் குரல் போனது. எதிரொலி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

மாதம்மாளுக்கு என்னமோபோல் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் குரல் இப்படி அந்தரத்தில் நின்றதில்லை. டைரக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது குரலைக் கொடுத்தாள். மலை கம்மென்று கிடந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. சினிமாதான் என்று தெரிந்தும் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது, பலகைக் கப்பல் நிஜமாகவே ஆடுகிறதா என்று பீப்பாயைப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போய்விட்டால் இப்படித்தான் இருக்கும் போல, நாம் கத்துவோம், ஒருத்தருக்கும் கேட்காது என்று பயம் வந்துவிட்டது.

மூன்றாவது குரலில் சினிமா இல்லை, உளவாளி இல்லை. தங்கச்சியை மட்டும் நினைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

குரல் போய் எதிர்ச்சரிவில் முட்டித் தேய்ந்தது. கதாநாயகியின் கண்ணில் நீர் திரண்டது. பத்து விநாடி அமைதி வேண்டும் டைரக்டருக்கு. விரலை மடக்கி மடக்கி எண்ணினார். ஐந்து. ஆறு. ஏழு.

"கேக்குதுக்காஆஆ... கேக்குது!"

பீப்பாய் உருண்டு போய்ப் புகைபோக்கியில் மோதியது. மாதம்மாள் கேமராவுக்கு நேர் முன்னால், யுத்தத்துக்கு நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள். செத்த மாலுமிகள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து இருசாயியின் குரல் சண்டைக்கு வருவதுபோல வந்தது.

"மைக்குல சொன்னாங்கதான், சினிமான்னு! அதுக்காக மூணு தடவை கூப்பிட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்காம இருந்தா? நான் என்ன கல்லா? ஏக்கா! கேக்குதா? ஓ..."

மாதம்மாள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பன்றி விரட்டிய குரல், பஸ்ஸை நிறுத்திய குரல், மூன்றரை வருஷமாக இந்த ஒரு பதிலுக்காகக் கத்திக்கிடந்த குரல், வேண்டிய நேரத்தில் கம்பி நீட்டிவிட்டது.

"ஏக்கா... ஓ..." இரண்டாம் முறை.

"பதில் சொல்லும்மா!" என்றார் டைரக்டர். படம் போனதைக்கூட அவர் மறந்திருந்தார். செல்லமுத்து காதுப் பஞ்சை எடுத்துவிட்டு மனைவியின் முதுகைத் தட்டினான். மாதம்மாள் தலையை ஆட்டினாள், அழுதாள், சிரித்தாள், மறுபடி வாயைத் திறந்து பார்த்தாள். சத்தம் மட்டும் வரவில்லை. மூன்றாம் முறையும் இருசாயி கூப்பிட்டாள். இந்த முறை குரலில் கோபம் இல்லை, நடுக்கம் இருந்தது. மற்றவர்கள் குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் மணி ஏழுகூட ஆகவில்லை. ஊர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு ஏழு ஊரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. கண்ணாயி வாயில் கிழங்கு.

அப்புறம் அந்தப் பக்கம் குரல் நின்றுவிட்டது. மேகம் லேசாக விலகியபோது, எதிர்ச்சரிவில் ஒரு சிவப்புச் சேலை ஓடையை நோக்கி ஓட்டமும் நடையுமாக இறங்கிக்கொண்டிருப்பதை முதலில் பார்த்தது பூங்குழலிதான்.

முக்கால் மணி நேர வழியை இருசாயி அரை மணியில் வந்து சேர்ந்தாள். முழங்கால்வரை ஈரம், தலையெல்லாம் கலைந்து, கையில் அரிவாள். கப்பலின் ஏணியில் விறுவிறுவென்று ஏறினாள். துப்பாக்கி பிடித்த அதிகாரிகள் இரண்டு பேர் பயந்து வழிவிட்டார்கள். அக்கா ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே ஆத்திரம்.

"நல்லாத்தான இருக்கே? வாயிருக்குதில்ல? மூணு தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டனே, ஒரு கொரல் குடுத்தா கொறஞ்சா போயிருவே? வழியெல்லாம் என்னென்னமோ நெனச்சுக்கிட்டு வந்தேன், பாவி!"

மாதம்மாள் அவள் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது. "கொரல் வரலெ கண்ணு" என்றாள். மைக்கோடு பக்கத்தில் நின்ற பூங்குழலிக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

இருசாயிக்குக் கேட்டது. அரிவாளைப் புகைபோக்கியில் சாத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"செரி, நகரு. நானும் உக்காரணும்" என்றாள்.